வெள்ளம் வருமுன் அணை

சென்ற ஞாயிறு மாலை மாமல்லபுரத்துக் கடற்கரையில் நானும், செங்கற்பட்டிலிருந்து வந்திருந்த என் மூத்த நண்பர் ஒருவரும் உட்கார்ந்திருந்தோம். அவரும் என்னைப் போல் உபாத்தியாயரே. அரசாங்கப் பள்ளியில் முப்பது வருஷங்களுக்கு மேல் கணக்குக் கற்பித்தவர்; இன்னும் மூன்று மாதத்தில் அறுபது நிறைந்து ஓய்வு பெறப் போகிறார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்குத் தம் வீட்டுக் கணக்கொன்றில் குழப்பம் வந்துவிட்டது.

"தம்பி! சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்த வைத்தியக் காப்பீடு இனி என்ன ஆகும்? அதற்கு மேல் ஒன்று வாங்க வேண்டுமா?" என்றார்.

"உங்களைக் கைவிட்டுவிட மாட்டார்கள், ஸார்" என்றேன். பென்ஷன்தாரர்களுக்கென்று தமிழ்நாடு அரசு தனித் திட்டம் வகுத்தது. 2022 ஜூலை முதல் நான்கு ஆண்டுகளுக்கென ஏற்பட்ட அத்திட்டத்தில் மாதப் பிடித்தம் 497 ரூபாய். பென்ஷன்தாரருக்கும் அவர் மனைவிக்கும் பொதுவாக 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவு உண்டு. ஆனால் அந்தத் தொகை ஓர் ஆண்டுக்கு அன்று. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து! இந்த ஒரு வரியைத்தான் பலர் படியாமல் விட்டுவிடுகிறார்கள்.

அதன் விளைவைப் பாருங்கள். 'சூப்பர் டாப்-அப்' என்னும் துணைக் காப்பீடு மலிவாகக் கிடைக்கிறது. 5 லட்சத்துக்கு மேற்பட்ட செலவுக்கு அதை வாங்கினால், ஒவ்வோர் ஆண்டும் முதல் 5 லட்சம் நம் பொறுப்பு. அதற்கு மேல்தான் கம்பெனியின் பொறுப்பு. முதல் வருஷமே இருதய சிகிச்சையில் அரசாங்கத் தொகை தீர்ந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். மறு வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் 5 லட்சமும் கைப்பணந்தான். ஆகையால், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சிறு காப்பீடு ஒன்றை அடியில் வைத்து, அதன் தொகைக்கு ஏற்றாற்போல் மேல் காப்பீட்டை அமைத்துக்கொள்வதே விவேகம்.

"எழுபது வயதானால் மத்திய அரசாங்கம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை தருகிறதாமே?"

"ஆம், 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை அவ்விதம் விரித்தார்கள். வருமான வரம்பும் இல்லை. ஆனால் அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையே பத்து வருஷம் கிடக்கிறதே, ஸார்!"

நண்பர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "வீட்டில் எட்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. மனுவில் அதை எழுத வேண்டாமென்கிறார் ஏஜெண்டு" என்றார்.

"எழுதியே தீர வேண்டும், ஸார்!" என்றேன். 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, முன்பே உள்ள நோயைச் சொல்லி வாங்கினால், அதற்காகக் கம்பெனி காக்கவைக்கக் கூடிய காலம் அதிகபட்சம் 36 மாதம். மறைத்து வாங்கி, 60 மாதத்துக்குள் குட்டு வெளிப்பட்டால், பணம் தர மறுக்கலாம். மோசடியென்று நிரூபித்தால் அதன் பிறகுங்கூட மறுக்கலாம். சொன்னால் மூன்று வருஷம் பொறுமை. மறைத்தால் என்றென்றும் பயம்.

"ஐம்பத்தேழில் வாங்கியிருந்தால் இந்தக் காத்திருப்பு அறுபதில் முடிந்திருக்கும். இத்தனை கணக்குப் போட்டவன் இதைப் போடவில்லையே!" என்று பெருமூச்சு விட்டார்.

அமெரிக்காவில் 1965-ல் சட்டமான மெடிகேர் திட்டத்தில், அறுபத்தைந்து வயதில் சேருகிறவருக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. அதற்குள் துணைக் காப்பீடு கேட்டால், நோயைக் காட்டிக் கம்பெனி மறுக்க முடியாது. நம் நாட்டில் 2024-ல் வயது வரம்பை நீக்கினார்களேயொழிய, அத்தகைய அவகாசம் தரவில்லை. உடல்நிலையைப் பார்த்துக் கம்பெனி மறுக்கலாம், பிரீமியத்தையும் உயர்த்தலாம். தேகம் திடமாயிருக்கும் காலமே நமக்கு அவகாசம்.

எதிரே, கடற்கரைக் கோயிலைக் காப்பதற்காகக் கொட்டிய கருங்கற்களில் அலைகள் மோதிக்கொண்டிருந்தன. அவர் மறுநாளே உண்மையை எழுதி மனுச் செய்வதாகச் சொல்லி எழுந்தார். நாற்பத்தாறு வயதான நான் வீடு திரும்பியதும் முதற் காரியமாக என் பாலிஸியைத் தேடினேன்.

நேயர்களே! உங்கள் இல்லத்திலும் ஐம்பதைக் கடந்தவர் இருப்பாரல்லவா? இன்றிரவு சாப்பாடானதும் அவருடைய காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, தொகையை மட்டும் பாராமல், அது எத்தனை ஆண்டுக்கென்ற வரியையும் படித்துப் பாருங்கள்.