குப்பை யாருடைய சொத்து?

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலே பலரும் படிக்காத இரு பிரிவுகள் உள. வீட்டுக் குப்பையை அகற்றுவது சபையின் கடமை என்கிறது 93 ஆம் பிரிவு. அவ்வாறு சேர்த்த குப்பை சபையின் சொத்து என்கிறது 94 ஆம் பிரிவு. கடமையைப் பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். சொத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

குப்பையும் ஒரு சொத்தா என்று நகைப்போர் தம் பாட்டனாரைக் கேட்கட்டும். வடபுலத்து உழவன் தோட்டத்துக்கு இட்ட எருவையே குப்பை என்றுதான் அழைத்தான். வன்னிக் காட்டுக் குழையை வண்டிகளில் ஏற்றிச் சென்று யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே தாழ்த்தினான். பொலித்தீன் அன்று அவன் படலைக்கு வந்திருக்கவில்லை என்பதும் உண்மையே.

இன்றோ மீன் செதிலும் மரக்கறித் தோலும் பொலித்தீனும் பழைய பற்றரியும் ஒரே பையில் வீதிக்கு வருகின்றன. இந்நாட்டு வீட்டுக் கழிவிலே பாதிக்கு மேல் உக்கக்கூடியது. ஆயினும் கலந்துவிட்டால் அது எருவுமாகாது, பழைய சாமான் வாங்குவோனுக்கும் உதவாது. எங்கேனும் கொட்டத்தான் வேண்டும். அந்த எங்கேனும் என்பது எப்பொழுதும் யாரோ சிலருடைய ஊர். வவுனியா நகரின் குப்பை பம்பைமடுவிலே கொட்டப்பட்டபோது, போரினாற் பெயர்ந்து மீளக் குடியேறிய சாளம்பைக்குளத்து மக்கள் 2019 இல் வீதிக்கு இறங்கிப் போராடினர். அவர்கள் உண்டு எறிந்த கழிவா அது? கொழும்பு மீதொட்டமுல்லையிலே குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டது 2017 சித்திரைப் புத்தாண்டு நாளன்று.

திறந்த வெளியிற் குப்பை எரிப்பது அதே ஆண்டு செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டது. மாலையில் எழும் புகைக்கு அத்தடை தெரியாது போலும்!

2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நம் விவசாயிகள் பட்ட பாட்டை விரிக்க வேண்டியதில்லை. சேதன உரத்தைச் சீனக் கப்பலில் வரவழைத்து, தீய கிருமி உண்டென்று திருப்பியனுப்பி, அதற்கும் 67 இலட்சம் டொலர் கொடுத்தது அரசு. சமையற்கழிவு வயலுக்குப் போதாது என்பதை யாமும் அறிவோம். வீட்டு வளவின் கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது தாராளமாகப் போதும்.

காணியுள்ளவர் வளவின் மூலையிற் குழி வெட்டி, கழிவு, சருகு, சாணம் என அடுக்கி, ஈரங்காத்துப் புரட்டி வந்தால் சில மாதங்களில் எரு தயார். வளவில்லாத விடுதியில் வாழும் உத்தியோகத்தர் இரு வாளிகளிற் பிரித்தேனும் கொடுக்கலாம். சபைகள் கலந்த பையை ஏற்க மறுக்கட்டும். பிரித்துத் தந்ததை ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் மீண்டும் கலக்காதிருக்கட்டும். இவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்திலே, குப்பை அகற்றிய செலவுக்கு எதிரே, விவசாயிக்கு எரு விற்ற வரவையும் தனியே காட்டட்டும்.