மா ரெய்னி: இசைத்தட்டுக்கு முந்தைய இருபது ஆண்டுகள்

ப்ளூஸ் இசையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இசைத்தட்டுகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுகின்றனர். எந்தப் பாடகி எந்த ஆண்டில் எந்தக் கம்பெனிக்குப் பாடினார் என்பதே யார் முன்னோடி, யார் பின்வந்தவர் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. அந்தக் கணக்கின்படி, 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஓகே நிறுவனத்துக்காகக் ‘கிரேஸி ப்ளூஸ்’ பாடிய மேமி ஸ்மித் முதலிடம் பெறுகிறார். 1923 பிப்ரவரியில் கொலம்பியா நிறுவனத்துக்குப் பாடத் தொடங்கிய பெஸ்ஸி ஸ்மித் அவருக்குப் பின் வருகிறார். அதே ஆண்டு டிசம்பரில் சிகாகோவில் பாரமவுண்ட் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் நுழைந்த மா ரெய்னி பின்வரிசைக்குப் போய்விடுகிறார். கலை வளர்ந்த வரிசையோ இதற்கு மாறானது. ரெய்னியின் குரல் முதன்முதலாக மெழுகில் பதிந்தபோது, அமெரிக்கத் தென்மாநிலங்களின் மேடைகளில் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடி முடித்திருந்தார். 1912 அளவில் இளம்பெண்ணாக நாடோடிக் கலைக்குழு ஒன்றில் சேர்ந்த பெஸ்ஸி ஸ்மித் மூத்த கலைஞராகக் கண்டது அவரைத்தான்.

கெர்ட்ரூட் பிரிட்ஜெட் என்பது அவருடைய இயற்பெயர். 1886இல் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்ததாக அவரே கூறியிருந்தாலும், 1900ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவருக்கு நான்கு வயது கூட்டிக் காட்டுகிறது. 1904இல் வில் ரெய்னி என்ற மேடைக் கலைஞரை மணந்தபின் இருவரும் இணையாக ஆடிப் பாடினர். அவர்கள் பணியாற்றிய ‘ராபிட் ஃபுட்’ போன்ற குழுக்கள், பாட்டு, நடனம், நகைச்சுவை, வித்தை ஆகிய அனைத்தையும் ஒரே கூடாரத்துக்குள் அடக்கி, அறுவடைக் கூலி மக்கள் கையில் புரளும் காலத்தைப் பார்த்து ஊர் ஊராக நகர்ந்தவை. ஒலிபெருக்கி இல்லாத அக்கூடாரங்களில் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாட வேண்டியிருந்தது. ரெய்னியின் கனத்த, தாழ்ந்த குரலும், சொல்லை நிறுத்தி நிறுத்தி இழுக்கும் நிதானமும் உருவான இடம் அதுவே. இவ்வுண்மையைக் கருதாமல் அவருடைய இசைத்தட்டுகளை மதிப்பிடுவது சரியாகாது.

1902இல் மிசௌரி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், தன்னை விட்டுப்போன ஆணைப் பற்றி ஒரு பெண் பாடக் கேட்டதாகவும், அதைக் கற்றுத் தம் நிகழ்ச்சியின் இறுதிப் பாடலாக்கிக்கொண்டதாகவும், பிற்காலத்தில் இசையறிஞர் ஜான் வொர்க்கிடம் ரெய்னி கூறினார். அவ்வகைப் பாட்டுக்கு ப்ளூஸ் என்று பெயரிட்டதும் தாமே என்ற அவருடைய கூற்றை ஏற்பது கடினம். ஆயினும், தனியொருத்தியின் புலம்பல் கட்டணம் கொடுத்து வந்தோர் முன் பாடும் மேடைப்பாடலாக மாறிய தருணத்துக்கு இதைவிட நேரடியான சாட்சியம் அரிது. முதல் அடியைப் பாடி, அதையே சற்று மாற்றித் திரும்பப் பாடி, மூன்றாம் அடியில் விடை சொல்லும் பன்னிரண்டு தாளக்கட்டு அமைப்பும், அடிகளுக்கு இடைப்பட்ட வெளியை ஒரு வாத்தியம் நிரப்பும் வழக்கமும் இப்பாடல்முறையின் அடிப்படைகள்.

‘கிரேஸி ப்ளூஸ்’ அடைந்த விற்பனைதான் கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதைக் கம்பெனிகளுக்கு உணர்த்தியது. அவர்களுக்கெனத் தனி வரிசையாக வெளியிடப்பட்ட தட்டுகள் ‘ரேஸ் ரெக்கார்டு’ எனப்பட்டன. எனினும் முதல் மூன்றாண்டுகளில் கம்பெனிகள் நாடியது வடக்கு நகரங்களின் அரங்குப் பாடகிகளையே. கூடாரத்தின் குரலைத் தேடிச் செல்ல எவரும் விரும்பவில்லை. இறுதியில் ரெய்னியை அழைத்த பாரமவுண்ட், விஸ்கான்சினில் நாற்காலிகள் செய்த ஒரு கம்பெனியின் கிளை. கிராமபோன் பெட்டிகளும் செய்துவந்த அக்கம்பெனி தட்டு வணிகத்திலும் இறங்கியிருந்தது. ‘போ-வீவில் ப்ளூஸ்’, ‘மூன்ஷைன் ப்ளூஸ்’ உள்ளிட்ட எட்டுப் பாடல்கள் அந்த டிசம்பரில் பதிவாயின. உடன் வாசித்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் லவி ஆஸ்டின் என்ற பெண் பியானோ கலைஞர். ஆண்களே நிறைந்த அத்தொழிலில் அவருக்குரிய இடம் இன்றும் போதிய அளவு பேசப்படுவதில்லை.

அன்றைய ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கோ ஒலிவாங்கிக்கோ இடமில்லை. பெரிய கூம்புக் குழலின் வாயில் பாடினால், மறுமுனையிலிருந்த மெல்லிய தகடு அதிர்ந்து, அதனுடன் இணைந்த ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். தாழ்ந்த ஒலிகளை அக்குழல் சரிவர வாங்காது. ரெய்னியின் குரலுக்கு உடலாக இருந்ததும் அந்தத் தாழ்ந்த ஒலிகளே. பாரமவுண்டின் தட்டுகள் மலிவான கலவையில் அச்சிடப்பட்டதால் இரைச்சலும் மிகுதி. கொலம்பியாவின் தெளிவான தட்டுகளில் கிடைக்கும் பெஸ்ஸியோடு ஒப்பிட்டு ரெய்னியை மெருகற்றவர் என்று எழுதிய விமர்சகர்கள், இரண்டு பாடகிகளையல்ல, இரண்டு கம்பெனிகளின் தொழில்திறனையே ஒப்பிட்டிருக்கிறார்கள்.

இக்குறைகளைத் தாண்டியும் கேட்பவரைப் பிடித்து நிறுத்துவது 1924 அக்டோபரில் நியூயார்க்கில் பதிவான ‘சீ சீ ரைடர்’. ஒவ்வோர் அடியின் முடிவிலும் இருபத்துமூன்று வயது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் எழுந்து பதில் சொல்கிறது. ரெய்னியோ அந்த மின்னலால் சற்றும் அவசரப்படாமல், தம் வேகத்திலேயே அடுத்த அடியைத் தொடங்குகிறார். அதே ஆண்டில் சிகாகோ மேடையில் அவர் தோன்றிய விதத்தை, அவருக்குப் பியானோ வாசித்தவரும் பின்னாளில் காஸ்பல் இசையின் தந்தை எனப் பெயர் பெற்றவருமான தாமஸ் டார்ஸி விவரித்திருக்கிறார்: மேடையில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட கிராமபோன் ஒன்று நிற்கும், உள்ளேயிருந்து பாட்டு ஒலிக்கும், பின் கதவு திறக்க, பொற்காசு மாலையுடன் ரெய்னி வெளியே வருவார். தட்டில் கேட்ட குரலுக்கு உரியவள் நேரில் வந்துவிட்டாள் என்ற அறிவிப்பு அது. இசைத்தட்டு மேடைக்கு விளம்பரமே தவிர மாற்று அல்ல என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஐந்தாண்டுகளில் 90க்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவுசெய்த பின், 1928உடன் அவருடைய ஒலிப்பதிவுகள் நின்றுவிட்டன. அவ்வாண்டில் வெளியான ‘ப்ரூவ் இட் ஆன் மீ ப்ளூஸ்’, பெண் பெண்ணை விரும்புவதை மறைக்காமல் பேசியது. பொருளாதார வீழ்ச்சி கூடாரங்களையும் அரங்குகளையும் காலிசெய்ய, 1935இல் கொலம்பஸுக்குத் திரும்பிய ரெய்னி, திரையரங்குகளை நடத்தி, 1939 டிசம்பரில் மறைந்தார். 1981இல் சாண்ட்ரா லீப் அவரைப் பற்றிய விரிவான ஆய்வுநூலை வெளியிட்டார். 1998இல் ஏஞ்சலா டேவிஸ், ரெய்னி, பெஸ்ஸி ஆகிய இருவரின் பாடல்களையும் தேய்ந்த தட்டுகளிலிருந்து சொல் சொல்லாகக் கேட்டெழுதித் தம் நூலில் சேர்த்தார். அந்த உழைப்புக்குப் பிறகுதான், இரைச்சலுக்கு அடியில் ரெய்னி பாடியது என்னவென்று பலருக்கும் முழுமையாகத் தெரியவந்தது.