ரன்-ஃபிளாட் டயரைக் கழற்றலாம்... ஸ்டெப்னிக்கு என்ன வழி?

இரண்டாம் கட்ட மெட்ரோ பணிகளால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் பல சாலைகள் சில ஆண்டுகளாகவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கின்றன. பிஎம்டபிள்யூ, மினி கார் வைத்திருக்கும் பலர், ‘நார்மல் டயருக்கு மாறிடலாமா?’ என்று யோசிக்க இதுவும் ஒரு காரணம்.

அந்த கார்களில் பலவற்றில் வருவது ரன்-ஃபிளாட் டயர். பக்கச்சுவர் தடிமனாக இருப்பதால், காத்து முழுக்க இறங்கினாலும் காரின் எடையைத் தாங்கும். பொதுவாக 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கி.மீ. தூரம் போகலாம். நடுரோட்டில் ஜாக்கி போட வேண்டாம்.

ஆனா, அந்த விறைப்புதான் தொல்லையும். பள்ளத்தில் இறங்கும்போது அதிர்வு ரிம்முக்கும் முதுகுக்கும் நேராக வரும். விலையும் அதிகம். காத்து இல்லாமல் ஓட்டிய ரன்-ஃபிளாட்டுக்கு பஞ்சர் ஒட்டுவதைப் பல டயர் நிறுவனங்கள் ஏற்பதில்லை. உள்ளே பக்கச்சுவர் நைந்திருந்தாலும் வெளியே தெரியாது என்பதே காரணம்.

சாதா டியூப்லெஸ் போட்டால் பயணம் மென்மையாகும், உண்மைதான். சிக்கல் டிக்கியில் இருக்கிறது. இந்த கார்களில் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, ரன்-ஃபிளாட்தான் ஸ்டெப்னி. அடையாறில் பஞ்சர் ஆனால் பக்கத்திலேயே கடை இருக்கும். இரவு 11 மணிக்கு மாமல்லபுரம் தாண்டி ஈசிஆரில் நின்றால்?

‘அதான் ரிப்பேர் கிட் இருக்கே’ என்பார்கள். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் டிபிஎம்எஸ், ரிப்பேர் கிட் மூன்றும் இருந்தால் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டது நிஜம். ஆனால், அந்த பசை அடைப்பது ஆணி குத்திய ஓட்டையைத்தான். பள்ளத்தின் விளிம்பில் பக்கச்சுவர் கிழிந்தால் டோ வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆகவே, தினமும் ஆபீஸ், வீடு என்று ஊருக்குள்ளேயே ஓடும் காருக்கு, பழைய டயர் தேய்ந்ததும் மாறுவதில் தவறில்லை. நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரண்டு இது, இரண்டு அது என்று கலக்கக் கூடாது. அளவு, எடை தாங்கும் குறியீடு, வேகக் குறியீடு மூன்றும் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். வாரண்டி பாதிக்குமா என்று டீலரிடம் முன்பே கேட்பது நல்லது.

அடிக்கடி புதுச்சேரி, திருவண்ணாமலை என்று போகிறவர்கள் முதலில் ஒல்லி ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் வாங்கிவிட வேண்டும். அந்த வீல் பிரேக் காலிப்பரில் இடிக்காமல் உட்காருகிறதா என்பதைக் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடலாம்.