விற்ற காரோடு போகும் ஐம்பது சதவீதம்

முடிச்சூரில் ஒருவர் ஆறேழு வருடம் ஓட்டிய பழைய மாருதியை விற்றுவிட்டு, கொஞ்சம் பெரிய வண்டியாக வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏதோ ஒரு ஷோரூம். காபி வரும். சீட் கவர் இலவசம் என்பார்கள். பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் விலை பேசி முடித்து, சாவி, ஆர்.சி., இன்சூரன்ஸ் பேப்பர் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்த மூன்றாவது பேப்பரில் அவருடைய பணம் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நோ கிளைம் போனஸ் என்பதுதான் அந்தப் பணம். ஒரு வருடம் கிளைம் எதுவும் வாங்காமல் ஓட்டினால், அடுத்த வருடப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருட முடிவில் 50. இது சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும்தான்; தேர்ட் பார்ட்டி தொகையை அரசு நிர்ணயிக்கிறது, அதில் ஒரு பைசா குறையாது. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃபில் எழுதிவைத்த படிக்கட்டு இது. 2007ல் பிரீமியக் கட்டுப்பாடு போன பிறகும் கம்பெனிகள் இதே படிக்கட்டைத்தான் வைத்திருக்கின்றன.

இதில் முக்கியமான விஷயம், போனஸ் காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். கார் கைமாறினால் போனஸ் விற்றவரிடமே தங்கும். ஆர்.சி. மாற்றத்துக்கான 29, 30 ஆம் எண் படிவங்களின் நகலோடு பழைய கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தால், 'இவருக்கு இத்தனை சதவீதம் போனஸ் இருக்கிறது' என்று கடிதம் தருவார்கள். மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு, வேறு கம்பெனியில் பாலிசி எடுத்தாலும், அது செல்லும். (காரில் சேர்த்ததை பைக்குக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் வெளிநாட்டில் ஓட்டிச் சேர்த்த போனஸைக்கூட ஆதாரம் காட்டி மூன்று வருடத்துக்குள் இங்கே கொண்டுவர பழைய டாரிஃபிலேயே வழி இருந்தது. துபாயிலிருந்து திரும்புகிறவர்கள் கவனிக்க.) புது வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியம் 20,000 ரூபாய் என்றால், அந்த ஒற்றைக் கடிதத்தின் மதிப்பு முதல் வருடமே 10,000 ரூபாய். அதை விட்டுவிட்டு சீட் கவருக்கு நன்றி சொல்லிவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்!

வாங்குகிறவர் பாடு இன்னும் மோசம். 'இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு சார்' என்று புரோக்கர் சொன்னதை நம்பி, பாலிசியைப் பெயர் மாற்றாமலே ஓட்டுவார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 157வது பிரிவு, கார் கைமாறினால் பாலிசியும் மாறியதாகக் கருதப்படும் என்கிறது. பதினான்கு நாளில் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அந்தத் தானியங்கி மாற்றம் மூன்றாம் நபருக்கான பொறுப்புக்கு மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் 1990களிலேயே சொல்லிவிட்டது. சொந்த வண்டியின் சேதத்துக்கு, பெயர் மாற்றாதவர் கையில் இருப்பது வெறும் காகிதம். முறையாக மாற்றப் போனாலோ, விற்றவரின் போனஸ் கழிந்து, மீதி நாட்களுக்கான வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அந்தச் சில ஆயிரத்துக்குப் பயந்து சும்மா இருப்பவர், மழை வரும்போது மாட்டிக்கொள்கிறார்.

மழை என்றதும் முடிச்சூர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2015ல் நவம்பரிலும் டிசம்பரிலும் அடையாறு கரைமீறி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் ஓடியது. வாசலில் நிறுத்திய கார்கள் கூரை வரை முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கம் தண்ணீர்தான். இதில் முழுகிய காரின் சொந்தக்காரர் என்ன தப்பு செய்தார்? வேகமாக ஓட்டினாரா, சிக்னலை மீறினாரா? வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது! ஆனாலும் கிளைம் வாங்கிய அன்றே அவருடைய போனஸ் பூஜ்யம். கார் முழுக்கப் பாழாகி, கிடைத்த தொகையில் வேறு கார் வாங்கினாலும், புதுக் காருக்கு எடுத்துப்போக அவரிடம் ஒன்றும் கிடையாது.

அந்தப் பூஜ்யத்தின் விலை எவ்வளவு? ஐம்பதில் இருந்தவர் மறுபடி 0, 20, 25, 35, 45 என்று ஏற வேண்டும். இழப்பு முறையே 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம். அதாவது, பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டால், தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியத்தில் ஒன்றேகால் வருடத் தொகை.

கம்பெனிகள் இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும். போனஸ் ஓட்டுகிறவரின் கவனத்துக்கான பரிசா? அப்படியென்றால் அது ஆளோடு போவது நியாயம்; ஏரித் தண்ணீர் வந்ததற்காக அதைப் பிடுங்குவது அநியாயம். இல்லை, வண்டி நிற்கும் இடத்தையும் அதன் ஆபத்தையும் அளக்கும் கணக்கா? அப்படியென்றால் அது ஏன் ஆளோடு போகிறது? மேட்டிலுள்ள தெருவுக்கு வீடு மாறியவரை ஏன் இன்னும் பூஜ்யத்தில் வைத்திருக்கிறீர்கள்? 'யாரையும் குற்றம் சொல்லவில்லை, சில்லறை கிளைம்களைத் தடுக்கத்தான் இது' என்று பதில் வரும். பம்பர் கீறலுக்கு அது சரி. இடுப்பளவு தண்ணீரில் காரை முழுகவிட்டு சில்லறை கிளைம் போடுகிற ஆள் எந்த ஊரில் இருக்கிறார்? 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் மழைக்கு முன்பே மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்கள். அதைவிட என்ன கவனம் வேண்டும்?

இதற்கும் ஒரு மருந்து விற்கிறார்கள். போனஸைக் காப்பாற்ற கூடுதல் பிரீமியம் கட்டி ஒரு ஆட்-ஆன். உங்கள் பொருளை உங்களுக்கே காவல் காக்கக் கூலி!

கடிதம் வாங்கும் அலைச்சலும் தேவையே இல்லாதது. 2009லிருந்து ஹைதராபாத்தில் இன்சூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோ இருக்கிறது. எல்லாக் கம்பெனிகளின் பாலிசி விவரமும் அங்கே சேர்கிறது. மலேசியாவில் 55 சதவீதம் வரை போகும் இதே தள்ளுபடியைக் கம்பெனிகள் பொதுவான கணினித் தளத்திலேயே சரிபார்த்துக்கொள்கின்றன. இங்கே ரோட்டில் மறிக்கும் போலீஸ்காரர் செல்போனில் வண்டி நம்பரைத் தட்டி பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார். போனஸை மட்டும் உரிமையாளர் காகிதத்தில் சுமக்க வேண்டும். அவசரத்தில் ஏஜெண்ட் தப்பான சதவீதம் எழுதி, இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு 'பொய்த் தகவல்' என்று கிளைமையே மறுப்பார்கள். பழைய டாரிஃபில், புதுக் கம்பெனி 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்று விதி இருந்தது. கேட்க வேண்டியது அவர்கள் வேலை. கேட்காமல் பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, கார் முழுகிய பிறகு கேட்கிறார்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. பெயர் மாறும் அதே நாளில், விற்றவரின் போனஸ் சதவீதம் அவர் பெயரில் தானாகப் பதிவாகி நிற்க வேண்டும். அதுவரை, ஷோரூமில் சாவியைக் கொடுக்கும் முன்பே அந்தக் கடிதத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பழைய பாலிசியின் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும், அதையும் கீழ் அலமாரியில் வைக்காதீர்கள்.