வீடும் வாசலும்: கல் பாவிய முன்வாசல்

சென்ற இதழில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் ஒருவர், "எங்கள் வீட்டு வாயிற்படியிலிருந்து வண்டி நிறுத்தும் இடம் வரையில் கோட்டாக் கல் பாவியிருக்கிறோம். கல் மங்கிவிட்டது. ஆசிட் விட்டுக் கழுவலாமா? அன்றி, மேலே ரெஸின் பூசிவிடலாமா?" என்று வினவியிருக்கிறார். இவற்றுள் முதலாவதை நானே ஒருமுறை செய்து பார்த்து, அதன் பலனையும் அனுபவித்தவன். ஆகவே அக்கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

தில்லியில் எங்கள் முன்வாசலிலும் அதே கல்தான். ஓர் ஆண்டு ஹோலிப் பண்டிகையன்று வாசல் முழுவதும் சிவப்பும் ஊதாவுமாகச் சாயம் படிந்தது. ஈரம் உலர்வதற்குள் கழுவியிருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். சோம்பலால் இரண்டு நாள் விட்டுவிட்டேன். பிறகு அவசரப்பட்டு, கழிப்பறைக்கென்று வைத்திருந்த ஆசிட் புட்டியைக் கவிழ்த்தேன். நுரை பொங்கிற்று. அழுக்கெல்லாம் கரைந்து வருகிறது என்று மகிழ்ந்தேன். உலர்ந்த பின்னர் பார்த்தால், கறை இருந்த இடங்களில் வெளுத்த திட்டுகள்! கையால் தடவினால் சொரசொரப்பு!

தில்லியிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில் கோட்டாவைக் கடந்ததும் ராம்கஞ்ச்மண்டி என்னும் நிலையம் வரும். அவ்வட்டாரத்தில் வெட்டி எடுக்கப்படும் இக்கல், சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்தது. சுண்ணாம்புக்கல்லின்மேல் அமிலம் பட்டால் கல்லே கரைந்து கரியமில வாயு வெளிப்படும். நான் கண்டு மகிழ்ந்த நுரை அதுதான். மொசைக் தரைக்கும் சலவைக்கல்லுக்கும் இதே கதி. குத்துவிளக்கைப் புளி போட்டு வாசற்கல்லின்மேல் வைத்துத் துலக்கினாலும், எலுமிச்சைச் சாறு சிந்தினாலும், தழும்பு விழும்.

2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆசிட்டின் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. எனினும் கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலமே இருக்கிறது. புட்டியின்மேல் ஒட்டியுள்ள தாளைப் படிக்காமல் எதையும் கல்லின்மேல் ஊற்றாதீர்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. அரிக்கப்பட்ட கல்லின் நுண்துளைகளில் அழுக்கும் ஈரமும் தங்கின. ஆடி மாதத்து மழையில் அங்கேயே பாசி பிடித்தது. அப்போது கும்பகோணத்திலிருந்து என் அன்னையார் வந்திருந்தார். விடியற்காலையில் கோலம் போடச் சென்றவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக் கொண்டார். கட்டுப் போட்ட கையுடன் அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "வெளக்கமாறு இருக்கறச்சே வாசலுக்கு மருந்து எதுக்குடா?"

அந்தச் சொல்லையே இப்போது எங்கள் வீட்டில் விதியாகக் கொண்டிருக்கிறோம். தினமும் ஈர்க்குவிளக்குமாற்றால் பெருக்குகிறோம். மணலும் தூசியும் தங்கினால் காலடியிலும் வண்டிச் சக்கரத்தின் அடியிலும் அரைபட்டுக் கல்லைத் தேய்த்துவிடும். வாரம் ஒருமுறை, சிறிது சோப்புத் தூள் கலந்த நீரும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு அலம்புகிறோம். கம்பி பிரஷ் கூடாது. அது கீறுவதோடு துருக்கறையையும் விட்டுச் செல்லும். ஸ்கூட்டர் எண்ணெய் சொட்டினால் உடனே கோலமாவைக் கனமாகத் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் பெருக்கிய பின்னரே சோப்பு நீர் விட வேண்டும்.

பாசி பிடித்தால், ஒரு வாளி நீரில் இரண்டு மேஜைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளித்து, பத்து நிமிடம் கழித்துத் தேய்த்து அலம்பலாம். ஆனால் பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒருபோதும் ஒன்று சேரலாகாது. சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும். வேலைக்கு வரும் பெண்மணியிடமும் இதை அவசியம் சொல்லி வையுங்கள். பாசிக்கு மூலகாரணம் தேங்கும் நீர். பூந்தொட்டியை நகர்த்தி வையுங்கள். சாய்வு சரியில்லையெனில் மேஸ்திரியை அழையுங்கள்.

இனி ரெஸின். எபாக்ஸி வகை வெயிலில் மஞ்சளாகிவிடும். கல்லுக்கு அடியில் ஈரம் இருந்தால் பூச்சு உரிந்து போகும். வழவழப்பான பூச்சு மழையில் வழுக்கும். ஆகையால் திறந்த வாசலுக்கு எபாக்ஸி வேண்டாம் என்பதே என் யோசனை. சிறு கூழாங்கற்களை ரெஸினில் குழைத்துப் பரப்பிய பாதை வேறு வகை. அதன் இடுக்குகள் வழியே மழைநீர் கீழே இறங்கும். சருகும் மண்ணும் அவ்விடுக்குகளை அடைக்காமல் பெருக்கி வருவதே அதற்குரிய முக்கியப் பராமரிப்பு. பெட்ரோல், தின்னர் முதலியவற்றால் அதைத் துடைக்கலாகாது; ரெஸின் இளகிவிடும்.

அன்பரின் கல் மங்கியது தூசியினால் என்றால் நாரும் சோப்புமே போதும். அமிலம் பட்டு மங்கியிருந்தால் பாலிஷ் இயந்திரம் கொண்டு இழைக்கச் செய்வதே வழி. ஆனால் வெளிவாசலில் கண்ணாடிபோல் பளபளக்கும்வரை இழைக்க வேண்டாம். வாசலுக்கு அழகு, முதியவர் அச்சமின்றிக் கால் ஊன்றி நடப்பதே.

அடுத்த இதழில், குளிர்காலத்தில் சுவரில் ஏறும் ஈரத்தைப் பற்றிப் பார்ப்போம்.