டிகிரி வந்துடுச்சு, கடன் போகலை

"பழைய கதைகள்ல அடிக்கடி வந்த தங்கமணியை இப்பல்லாம் காணோமே, ஊடலா?"ன்னு போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தார். ஊடல் இல்லைங்க. 2021-ல் புனே குடும்ப நீதிமன்றத்துல ரெண்டு பேரும் சம்மதிச்சே பிரிஞ்சுட்டோம். இத்தனை நாள் சொல்லாம இருந்தது என் கோழைத்தனம். இப்ப சொல்றதுக்குக் காரணம், அந்தக் கோழைத்தனத்துக்கு இன்னொருத்தர் அபராதம் கட்டினதுதான்.

காலேஜ்ல வாங்கின டிகிரியை அப்பா ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டினார். கோர்ட்ல வாங்கின டிகிரியை நான் பீரோவுக்குள்ள துணிக்கு அடியில வெச்சேன். அத்தோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஒப்பந்தத்துல தெளிவாத்தான் எழுதியிருந்தோம். புனே ஃபிளாட் எனக்கு, அதோட கடனும் எனக்கு. நகையும் டெபாசிட்டும் அவங்களுக்கு. பொண்ணு அவங்ககூட சென்னையில. நீதிபதியும் ஏத்துக்கிட்டார். அப்புறம் என்ன?

2023-ல் எனக்கு வேலை போச்சு. ரெண்டு மாசம் இ.எம்.ஐ. கட்டலை. அடுத்த வேலை கிடைச்சதும் அபராதத்தோட கட்டிட்டு மறந்தும் போயிட்டேன். கொஞ்ச நாள் கழிச்சு சென்னையிலேர்ந்து போன். "இங்க ஒரு ஃபிளாட் பார்த்து அட்வான்ஸும் குடுத்துட்டேன். லோன் தரமாட்டேங்கறாங்க. உங்க புனே கடன் இன்னும் என் பேர்லயும் நிக்குதாம். ரெண்டு மாசம் கட்டலைன்னு வேற காட்டுதாம். நீங்க மாத்தியிருப்பீங்கன்னுல்ல நினைச்சேன்?" கோபமாக்கூட சொல்லலை. திட்டியிருந்தா பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். அந்த வீடு கைவிட்டுப் போச்சு, அட்வான்ஸ்ல பாதியும் போச்சு.

எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. கோர்ட் உத்தரவு எங்க ரெண்டு பேரைத்தான் கட்டுப்படுத்தும். பேங்க் அந்த வழக்குல கட்சிக்காரரே இல்லை. கடன் பத்திரத்துல ரெண்டு கையெழுத்து இருக்கு, யார்கிட்ட வேணும்னாலும் முழுசா வசூல் பண்ணலாம். யார் கட்டாம விட்டாலும் ரெண்டு பேரோட சிபில் அறிக்கையிலும் அது ஏறும். ஒரு பேரை எடுக்கணும்னா, மீதி இருக்கறவரோட சம்பளம் மட்டும் போதுமான்னு பேங்க் புதுசா கணக்குப் போடும். எனக்குப் போதலை. ஊர்ல இருந்த மனையை வித்து, கடன்ல பாதியை அடைச்ச பிறகுதான் ஒத்துக்கிட்டாங்க.

கடன்லேர்ந்து பேர் போனா வீட்டுப் பத்திரத்துலேர்ந்தும் போயிடாது. அது தனி வேலை. எங்க வக்கீல் ரிலீஸ் டீட் போட்டு பதிவு பண்ணச் சொன்னார். அதுக்காக அவங்க சென்னையிலேர்ந்து ரயில் ஏறி வந்தாங்க. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் பெஞ்சுல மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பொண்ணோட கணக்கு மார்க்கைப் பத்திப் பேசினோம். கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே, ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருந்தப்பவே முடிச்சிருக்க வேண்டிய வேலை அது.

அப்புறம் மத்த பேப்பரையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பி.எஃப்., எல்.ஐ.சி., டீமேட், பேங்க் கணக்கு, எல்லாத்துலயும் நாமினி அவங்கதான். பி.எஃப்.ல கல்யாணம் ஆனா பழைய நாமினேஷன் தானா செல்லாமப் போயிடும். விவாகரத்து ஆனா நாமதான் உள்ள போய் மாத்தணும். ஷேர்ல நாமினின்னா பணத்தை வாங்கி வாரிசுக்குக் குடுக்கறவர்தான், சொந்தக்காரர் இல்லைன்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இன்ஷூரன்ஸ்ல 2015 திருத்தத்துக்கு அப்புறம் மனைவி, கணவன், பெத்தவங்க, பிள்ளைங்க நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே சொந்தம். மனைவின்னு எழுதின ஆள் இப்ப மனைவி இல்லைன்னா? எனக்கு ஏதாவது ஆகியிருந்தா எங்க அம்மாவும் என் பொண்ணோட அம்மாவும் எதிர் எதிரா கோர்ட் வாசல்ல நின்னிருப்பாங்க. விவாகரத்தால உயிலும் தானா ரத்தாகாது, எழுதியிருந்தா புதுசா எழுதணும்.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முன்னாள் மனைவி வாரிசு இல்லை. ஆனா பொண்ணு எப்பவும் வாரிசுதான். அதனால இப்ப நாமினி அவதான். மைனரா இருக்கறவரைக்கும் அவ சார்பா இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்க ஒரு பெரியவர் பேர் கேட்டாங்க. அவளை வளர்க்கறவங்க பேரையே குடுத்தேன். "பிரிஞ்சு போனவளுக்கா?"ன்னு தம்பி குதிச்சான். பணம் பொண்ணுக்குப் போய்ச்சேரணும்னா வேற யார் பேரைக் குடுக்கறது?

ஆபீஸ் மெடிக்கல் இன்ஷூரன்ஸும் அப்படித்தான். அவங்க பேரை எடுக்கணும், சரி. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொல்லணும். புதுசா பாலிசி எடுத்தா, ஏற்கெனவே இருக்கற சுகர், பி.பி.க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். சொல்லாம எடுத்துட்டா ஆஸ்பத்திரி கவுண்டர்லதான் அவங்களுக்கே தெரியவரும்.

இதையெல்லாம் நான் ஏன் ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டேன்? சோம்பேறித்தனம் பாதி. மீதி, வெளிய தெரியக்கூடாதுங்கற பயம். நாமினி மாத்தணும்னா ஆபீஸ்ல ஹெச்.ஆர். கிட்ட சொல்லணும். மனையை விக்கணும்னா அம்மாகிட்ட சொல்லணும். திருநெல்வேலியில அம்மா பக்கத்து வீட்டுல "மருமக சென்னையில வேலை பார்க்கா"ன்னு சொல்லிட்டிருந்தாங்க. நானும் அதைத் திருத்தலை. வெளியூர்ல இருக்கற நமக்கு இது ரொம்ப சௌகரியம், யாருக்கும் தெரியாம பிரிஞ்சுடலாம். ஆனா மறைச்சு வெச்ச விவாகரத்துக்கு எந்தப் பேப்பரும் நகராது.

அதனால என் கட்சி இதுதான். பிரியறது உங்க சொந்த விஷயம், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். ஆனா பிரிஞ்சதைச் சொல்லியே ஆகணும். பேங்க், ஹெச்.ஆர்., இன்ஷூரன்ஸ், பெத்தவங்க, இந்த நாலு இடத்துலயாவது. டிகிரி வந்த மூணு மாசத்துக்குள்ள எல்லாப் பேப்பரையும் மேசையில பரப்பி உட்காருங்க. பழி வாங்கறதுக்காக இல்லை. ஒரு காலத்துல நம்மை நம்பி நம்ம பக்கத்துல கையெழுத்துப் போட்டவங்களுக்குப் பண்ற கடைசி மரியாதை அது.

அவங்க போன வருஷம் வேற வீடு வாங்கிட்டாங்க. கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடலை, கூப்பிடணும்னு நானும் எதிர்பார்க்கலை. பொண்ணு போட்டோ அனுப்பினா.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பட்டு அறிஞ்சவன். முத்திரைத்தாள் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கையெழுத்துக்கு முன்னாடி உங்க ஊர் வக்கீலைக் கேட்டுக்குங்க.