தாய்மொழியில் மனநலச் சிகிச்சை: சட்டம் தந்த உரிமையைக் கேட்டுப் பெறுவோம்

ஆண்டுதோறும் அக்டோபர் 10ஆம் நாள் உலக மனநல நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் அன்று விளம்பரங்களை வெளியிடுகின்றன. தயங்காமல் உதவி நாடுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை கூறுகின்றன. அறிவுரை சரியானதே. ஆனால் யாரை நாடுவது, எங்கே நாடுவது, எந்த மொழியில் பேசுவது, அதற்கு எவ்வளவு செலவாகும் என்ற கேள்விகளுக்கு அந்த விளம்பரங்கள் விடை தருவதில்லை. எர்ணாகுளம் மாவட்டம் மட்டாஞ்சேரியில் வாழும் ஒரு தமிழ்த் தொழிலாளியின் இடத்தில் நின்று இக்கேள்விகளை எழுப்பிப் பார்த்தால், நாட்டின் மனநலச் சேவை எந்த நிலையில் இருக்கிறது என்பது தெளிவாகும்.

மட்டாஞ்சேரி பல மொழிகளின் ஊர். மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் உருதும் தமிழும் அந்தத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வருகின்றன. அருகிலுள்ள போர்ட் கொச்சியின் வெளி பகுதியில் சலவைத் தொழில் செய்யும் தமிழ் வண்ணார் சமூகம், டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் தம் முன்னோர் அங்கு கொண்டுவரப்பட்டதாகக் கூறுகிறது. வெலிங்டன் தீவை ஒட்டிய வாத்துருத்தியில் கட்டுமானத்திலும் கூலி வேலையிலும் ஈடுபட்டுள்ள தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்கின்றன. கொச்சியின் துறைமுகமும் சந்தையும் கட்டடங்களும் இவர்களின் உழைப்பையும் கொண்டே நிற்கின்றன.

இந்த உழைப்பாளிகளின் மனநிலையைப் பற்றி அரசின் புள்ளிவிவரங்களே பேசுகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கும் மேல் தினக்கூலிகள். லட்சம் பேருக்கு 12.4 என்பது தேசிய விகிதமாக இருக்கையில், கேரளத்தில் அது 28.5 ஆக இருந்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு 19,834 பேர் மாண்டனர். கடன், வேலையின்மை, குடும்பச் சிதைவு, மது ஆகியவை தனித்தனிக் காரணங்களாக அட்டவணையில் இடம்பெறுகின்றன. உழைப்பாளியின் வாழ்க்கையில் அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே வருகின்றன.

சிகிச்சை எந்த அளவுக்குக் கிடைக்கிறது? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு உள்ளதாகவும், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை என்றும் அது கண்டறிந்தது. இந்தியாவில் லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களில் பெரும்பாலோர் பெருநகரங்களில், தனியார் துறையில் உள்ளனர்.

எண்ணிக்கைப் பற்றாக்குறைக்கு அப்பால் மட்டாஞ்சேரித் தமிழரைப் பாதிக்கும் இன்னொரு தடை மொழி. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். சர்க்கரை கூடினால் ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். மனநலச் சிகிச்சையில் நோயாளியின் பேச்சே பரிசோதனை, சிகிச்சையாளரோடு அவர் நடத்தும் உரையாடலே மருந்தின் பெரும்பகுதி. வேலைத்தளத்தில் பேசிப் பழகிய மலையாளம் கூலி கேட்கவும் கடையில் பொருள் வாங்கவும் போதும். இரவில் ஏன் உறக்கம் வரவில்லை, மனைவியிடம் ஏன் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை, சாவின் நினைவு எப்போது வருகிறது என்பதையெல்லாம் சொல்ல அது போதாது. கணவனையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் பெண், அவர்கள் முன்னிலையில் சொல்லக் கூடாததைச் சொல்லாமலே திரும்புகிறார். மொழி கிடைக்காத இடத்தில் சிகிச்சையும் கிடைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கேரளம் இத்துறையில் மற்ற மாநிலங்களைவிட முன்னேறியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. மாவட்ட மனநலத் திட்டம் 14 மாவட்டங்களிலும் செயல்படுகிறது. அதன் மருத்துவர் குழுக்கள் வட்ட மருத்துவமனைகளுக்கும் சமூகச் சுகாதார நிலையங்களுக்கும் குறிப்பிட்ட நாட்களில் சென்று இலவச மருந்து வழங்குகின்றன. 2017இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ், குடும்பச் சுகாதார நிலையங்களில் மனச்சோர்வைக் கண்டறியும் ஆஸ்வாசம் சிகிச்சைப் பிரிவுகள் உருவாக்கப்பட்டன. கொரோனாக் காலத்தில், தனிமைப்படுத்தப்பட்டவர்களோடு தொலைபேசியில் பேசி ஆறுதல் அளிக்கும் பணி மாநிலம் முழுவதும் நடந்தது. இவை பொதுச் சுகாதாரத்தில் நம்பிக்கை வைத்த அரசியலின் பயன்கள்.

ஆயினும் இடைவெளிகள் உள்ளன. கேரள அரசின் மூன்று மனநல மையங்களும் திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு நகரங்களில் உள்ளன, எர்ணாகுளத்தில் இல்லை. மாதத்தில் ஓரிரு நாள் நடக்கும் சிகிச்சைப் பிரிவில் மருந்துச் சீட்டு எழுத நேரம் கிடைக்கும். வாரந்தோறும் முக்கால் மணி நேரம் அமர்ந்து பேசும் உளவியல் சிகிச்சைக்கு அங்கே ஆளும் இல்லை, நேரமும் இல்லை. தினக்கூலித் தொழிலாளிக்கு மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு.

இந்த இடைவெளியில்தான் சந்தை நுழைகிறது. நகரங்களில் தனியார் ஆலோசகர்கள் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பது வழக்கமாகிவிட்டது. கைபேசிச் செயலிகள் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை என்று அழைக்கின்றன. தொலைவையும் கூலி இழப்பையும் குறைக்க இணையவழிச் சிகிச்சை உதவும் என்பது உண்மை. தாய்மொழியில் பேசும் சிகிச்சையாளரை வேறு மாநிலத்திலிருந்து கண்டடையவும் அது வழி செய்யும். ஆனால் லாபத்துக்காக நடத்தப்படும் செயலி, நோயாளியின் துயரத்தையும் சரக்காக்கத் தயங்காது. அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், தன்னை நம்பி வந்தவர்களின் உடல்நல விவரங்களை விளம்பரத்துக்காகப் பேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023இல் 78 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட வேண்டியதாயிற்று.

எனவே, உதவி தேடும் ஒருவருக்கு வழிகாட்டும் தோழர் சில அடிப்படைகளை அறிந்திருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர். மருந்து எழுதும் தகுதி உடையவர். மருத்துவ உளவியலாளர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆலோசகர், தெரபிஸ்ட் என்ற பெயர்ப் பலகையை மட்டும் கண்டு நம்பிவிடக் கூடாது. சில நாள் பயிற்சி பெற்றவரும் அதை மாட்டிக்கொள்ளும் நிலை உள்ளது. நேரில் ஆயினும் இணையத்தில் ஆயினும், பதிவு எண், கல்வித் தகுதி, கட்டணம், ரகசியக் காப்பு, நெருக்கடி நேரத்தில் என்ன ஏற்பாடு என்ற ஐந்தையும் முதலிலேயே கேட்பது நோயாளியின் உரிமை. ஒருவரிடம் மனம் ஒட்டவில்லையெனில் வேறொருவரிடம் செல்வதில் தவறில்லை.

பணம் இல்லாதவர் தொடங்க வேண்டிய இடம் அரசு மருத்துவமனை. மட்டாஞ்சேரிப் பகுதியினருக்குக் கருவேலிப்படி மகாராஜாஸ் வட்ட மருத்துவமனை அருகில் உள்ளது; எர்ணாகுளம் பொது மருத்துவமனையும் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியும் அடுத்த கட்டம். 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகலாகக் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சேவை உண்டு. கேரள அரசின் திசா உதவி எண் 1056. ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தொழிலாளிக்கு மனநோய்க்கும் சிகிச்சை உண்டு. தீவிர மனநோய், நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகைக்குரிய நோய்களின் பட்டியலிலும் உள்ளது. இது தெரியாமல் வேலையைத் துறப்பவர்கள் உண்டு. தொழிற்சங்கம் இதைச் சொல்லித் தர வேண்டும்.

இவையெல்லாம் சலுகைகள் அல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநலச் சேவையை ஒவ்வொருவரும் பெறுவதற்கான உரிமையை வழங்குகிறது. கட்டணம் தாங்கத்தக்கதாகவும், தரமுடையதாகவும், போதிய அளவிலும், அருகிலும், சாதி, மத, வர்க்கப் பாகுபாடின்றியும் அது கிடைக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அரசு நிலையங்களில் இலவசம். நோயாளியின் ஒப்புதலைப் பெறுமுன் அவருக்குப் புரியும் மொழியில் விவரம் சொல்லப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது. தமிழில் சிகிச்சை கேட்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்கு ஈடாக மனநோயையும் கருத வேண்டும் என்று 21ஆவது பிரிவு கூறுகிறது.

சட்டம் இருந்தும் நிதி இல்லை. ஒன்றிய அரசின் சுகாதார ஒதுக்கீட்டில் மனநலத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதமே செல்கிறது. அதிலும் பெரும்பகுதி நிம்ஹான்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்கு. அரசு விலகிநின்றால் என்ன நேரும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றிக் கருகினர். அருகில் அரசுச் சிகிச்சை இருந்திருந்தால் அக்குடும்பங்களில் பல அவர்களை அங்கே கொண்டு சென்றிருக்க மாட்டா.

நம் அணிகளிடையே நிலவும் ஒரு கருத்தையும் இங்கே விமர்சிக்க வேண்டியுள்ளது. மனத் துயரத்துக்குச் சுரண்டல் சமூகமே காரணம், ஆகவே போராட்டமே மருந்து என்று சிலர் முடித்துவிடுகின்றனர். சோர்ந்துபோன தோழரிடம் கூடுதல் வேலை கொடுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுகின்றனர். காசநோய்க்கும் வறுமைதான் களம். அதற்காகக் காசநோயாளியை மருந்தின்றித் திருப்பி அனுப்புவோமா? சமூகக் காரணத்தை எதிர்ப்பதும் இன்று துடிப்பவருக்குச் சிகிச்சை பெற்றுத் தருவதும் ஒரே கடமையின் இரு பகுதிகள். சிகிச்சை பெறும் தோழரின் பொறுப்பையும் மதிப்பையும் குறைத்துப் பேசும் வழக்கம் கிளைகளில் இருந்தால் அது உடனே கைவிடப்பட வேண்டும். அவர் சொன்னவை கமிட்டிக்கு வெளியே கசியக் கூடாது.

வட்ட மருத்துவமனைதோறும் நிரந்தர மருத்துவ உளவியலாளர் பணியிடம், மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அவர்கள் மொழி அறிந்த ஆலோசகர், தொழிலாளர் வரக்கூடிய மாலை நேரச் சிகிச்சைப் பிரிவு, ஒன்றிய ஒதுக்கீட்டில் பலமடங்கு உயர்வு, இணையவழிச் சேவைகளுக்குக் கடுமையான தரவுப் பாதுகாப்பு ஆகிய கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களும் மாதர், வாலிபர் அமைப்புகளும் கையில் எடுக்க வேண்டும். எர்ணாகுளத்துக்குப் பொருந்தும் இவை கோவைக்கும் திருப்பூருக்கும், அங்கு வாழும் மலையாள, இந்தித் தொழிலாளர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் சாப்பா முறை இருந்தது. வேலைக்குக் காத்து நிற்கும் கூட்டத்தின் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசுவார். அடித்துப் பிடித்து ஒன்றைக் கைப்பற்றியவருக்கு அன்று கூலி, மற்றவருக்குப் பட்டினி. அந்த இழிவுக்கு எதிராகப் போராடிய தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, உயிர்கள் பலியாயின. முண்டியடித்தவனுக்கே பிழைப்பு என்ற அந்த விதியை அத்தொழிலாளர்கள் ஏற்க மறுத்தனர். மனநலச் சிகிச்சையிலும் பணமும் நேரமும் மொழியும் வாய்த்தவருக்கே வில்லை கிடைக்கும் நிலை இன்று இருக்கிறது. அதை மாற்றும் பொறுப்பு அந்தப் போராட்ட மரபின் வாரிசுகளுடையது.